பவுசர் தாளில் விடுபட்ட இடம்

எழுதியவன் விமானம் ஏறிப் போய்விட்டான். அவன் எழுதிய புரோகிராமோடு திருகோணமலையில் அகப்பட்டுக்கொண்டது நான்தான்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் எங்கள் கந்தோர், தண்ணீர் வழங்கும் அலுவலகம், இருந்தது. குழாய்த் தண்ணீர் எட்டாத குடியிருப்புகளுக்கும், இடம்பெயர்ந்து வந்தவர்களின் முகாம்களுக்கும் பவுசர் லொறிகளில் தண்ணீர் அனுப்புவது எங்கள் வேலை. எந்தப் பவுசர் எந்தெந்த இடத்துக்கு, எந்த ஒழுங்கில் போகவேண்டும் என்று தினமும் காலையில் ஒரு தாள் அச்சடித்துச் சாரதிகளிடம் கொடுப்போம். அந்தத் தாளைத் தயாரிக்கிற புரோகிராமை, உதவி செய்யவென்று வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பொறியியலாளன் பேர்ல் என்ற கொம்பியூட்டர் மொழியில் எழுதினான். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதலாம். மனம் வரவில்லை.

நான் கொழும்பில் கொம்பியூட்டர் படித்தவள். லீவுக்கு வீட்டுக்கு வந்த நேரம் சண்டை தொடங்கியது. பாதை இறுகியது. வெளியே போக அனுமதி, உள்ளே வர அனுமதி என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை வந்தது. அம்மா அழுதா. நான் அப்படியே நின்றுவிட்டேன். கந்தோரில் பேர்ல் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை; கொம்பியூட்டரைப் போடவும் நிப்பாட்டவும் தெரிந்த பிள்ளை ஒன்று வேண்டும் என்றுதான் கேட்டார்கள். பொறியியலாளன் போகிற அன்று புரோகிராமைத் திறந்து காட்டி, இதில் தொடுவதற்கு ஒன்றும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான். தொட்டால் என்ன நடக்கும் என்றும் சொல்லவில்லை, தொடாவிட்டால் என்ன நடக்கும் என்றும் சொல்லவில்லை.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சாரதி அதை ஒவ்வொரு சென்றியிலும், அதாவது ஆமி நிற்கிற ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் காட்டவேண்டும். தாளில் உள்ள இடத்துக்கு மட்டும்தான் வண்டி போகலாம். தாளில் இல்லாத தெருவுக்குள் பவுசர் திரும்பினால், உள்ளே தண்ணீரா வேறு ஏதாவதா என்று யாரும் விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். சுடுவார்கள். சுற்று முடிந்ததும் கடைசிச் சென்றியில் தாளை வாங்கிக் கிழித்துப் போடுவார்கள். கொம்பியூட்டரிலும் பழைய தாள் நிற்காது, இன்றையது நேற்றையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். இதுவும் அந்த மகானின் ஏற்பாடுதான்.

காலையில் நான் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்த உடனே ஆமி முகாமிலிருந்து போன் வரும். இன்றைக்கு எந்த இடம் மூடியிருக்கிறது என்று சொல்வார்கள். எங்காவது கிளைமோர்க் கண்ணி வெடித்திருக்கும், யாரையாவது சுட்டிருப்பார்கள், அல்லது வெறும் சுற்றிவளைப்பாக இருக்கும். அந்த இடத்தை மூடியதாக நான் பதிவேன். புரோகிராம் அதை விட்டுவிட்டு மிச்ச இடங்களை அச்சடிக்கும். மூடுவதென்றால் அநேகமாகப் பாலையூற்றுப் பக்கத்து ஒழுங்கை ஒன்றைத்தான், ஒரு சின்னத் தெருவைத்தான், மூடுவார்கள். அது தமிழ் ஆட்களின் இடம், என் வீடும் அந்தப் பக்கம்தான். தாளில் அதற்கு அடுத்ததாக வருவது சிங்கள ஆட்கள் இருக்கிற ஒரு சின்னக் குடியிருப்பு. அந்த ஒழுங்கை மூடிய நாட்களில் எல்லாம் தாளில் அந்தக் குடியிருப்பும் வராமல் போனது.

அந்தப் பக்கம் பவுசர் ஓட்டியவர் சல்லிக் கரையைச் சேர்ந்தவர், கடலோடி. நேவி கடலை மூடியபின் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். பெரிய சத்தமாகக் கதைப்பார், சின்ன விஷயத்துக்கும் சிரிப்பார், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒரு நாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, இண்டைக்கும் அந்தச் சிங்கள ஆக்கள்ற இடம் தாளில இல்லை."

"மேல நிப்பாட்டச் சொல்லியிருப்பாங்கள் அண்ணை."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போனார்.

இதைத்தான் நான் இன்றைக்கும் ஆறாத கோபத்தோடு நினைக்கிறேன். வேறு ஊரென்றால் ஒரு இடம் தாளில் வராவிட்டால் "பிழை ஏதும் நடந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு கேள்வியே செத்துப் போயிருந்தது. எது இல்லாமல் போனாலும் யாரோ வேண்டுமென்று இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் எல்லோருடைய முதல் நினைப்பும். 'மேல' என்றதை வைத்துச் சாரதி அண்ணை கந்தோர்தான் வெட்டியது என்று நினைத்தார். நான் ஆமி வெட்டியது என்று நினைத்தேன். எங்கள் சேர், அதாவது கந்தோருக்குப் பொறுப்பானவர், நினைப்பதையே நிறுத்தி வைத்திருந்தார். யார் வெட்டினார்கள் என்று கேட்பது ஆபத்து என்பதால் ஒருவரும் கேட்கவில்லை.

குடியிருப்பு ஆட்களும் அதே ஊர்த் தண்ணீரைத்தானே குடித்தார்கள். அவர்களும் இப்படித்தான் யோசித்தார்கள்: தமிழ் ஒழுங்கையை ஆமி சுற்றிவளைக்கிற நாட்களில் மட்டும் எங்களுக்குத் தண்ணீர் வருவதில்லை. பவுசர்காரன் தமிழன். தன் ஆட்களை வளைத்ததற்கு எங்களைக் காயப்போட்டுப் பழிவாங்குகிறான். வெளியே நின்று பார்த்தால் நானும் அதைத்தான் நம்பியிருப்பேன்.

ஒரு மத்தியானம் பவுசர் திரும்பி வந்தது. ஓட்டி வந்தது ஒரு பொலிஸ்காரன். குடியிருப்பு ஆட்கள் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள், சாரதியை விசாரணைக்கு வைத்திருக்கிறோம் என்று சாவியை மேசையில் போட்டுவிட்டுப் போனான். விசாரணை என்று உள்ளே போனவர்களில் சிலர் மாலையில் வந்தார்கள், சிலர் வருடங்கள் கழித்து வந்தார்கள், சிலரைப் பற்றி வீட்டில் கதைப்பதையே விட்டுவிட்டார்கள். மற்ற மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் அவசரமாகத் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அவருடைய மனைவி அன்று பின்னேரமே வந்தா. மெலிந்த, அதிகம் கதைக்காத மனுசி. மேல்மாடி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றா.

"தங்கச்சி, அவர் அப்பிடிச் செய்யிற ஆளில்லை. தாளில இல்லையெண்டு உங்களிட்டச் சொன்னதெண்டு வீட்டை வந்து சொன்னவர். நீங்கள் அதைப் போய்ச் சொன்னாக் காணும்."

சொன்னால் போதும் என்று அவ நினைத்தா. தாளை எங்கே காட்டுவது? கிழித்த தாள் கிழித்ததுதான். பார்க்கிறேன் அக்கா என்று சொல்லி அவவை அனுப்பிவிட்டு, கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டேன். மேலிடத்தில் யாராவது அந்தக் குடியிருப்பை நிறுத்தச் சொன்னார்களா என்று சேரிடம் வாய்விட்டே கேட்டேன். அப்படி ஒரு உத்தரவும் வரவில்லை என்றார். அப்படியென்றால் வெட்டியது யார்?

ஒழுங்கையை மூடியதாகப் பொய்யாகப் பதிந்து புரோகிராமை ஓடவிட்டேன். குடியிருப்பு வரவில்லை. வேறொரு இடத்தை மூடினேன். அதற்கு அடுத்த இடம் வரவில்லை. ஒருவரும் ஒன்றையும் வெட்டவில்லை, இது வெறும் பிழை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கே பிழை என்பது மட்டும் பிடிபடவில்லை.

புரோகிராமில் இருந்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அரே என்றால் வரிசை. அதில் இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு இலக்கத்தில் நிற்கும். லூப் அந்த வரிசையில் முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம்வரை நடந்து போகும். இடம் திறந்திருந்தால் அச்சடிக்கும், மூடியிருந்தால் வரிசையிலிருந்து வெட்டி எறிந்துவிட்டு அடுத்த இலக்கத்துக்குப் போகும். வாசிக்க வாசிக்க எனக்கு எல்லாம் சரியாகவே பட்டது.

லூப் ஓரடி முன்னமே நின்றுவிடுகிறதோ என்று நினைத்து இன்னும் ஓரடி நடக்க வைத்தேன். தாளின் அடியில் இலக்கம் வந்தது, இடம் வரவில்லை. சேர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெளிறிப் போனார்.

"இதென்ன பிள்ளை, இலக்கம் இருக்கு, இடத்தின்ர பேர் இல்லை? சென்றியில இதைக் கண்டா, சொல்லாமல் மறைச்ச இடம் எதெண்டு கேட்டு எங்கள் எல்லாரையும் கொண்டுபோய் வைச்சிருப்பாங்கள்."

தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். பிறகு நான் அவசரத்தில் லூப்பை ஒன்றிலிருந்து தொடங்க வைத்தேன். பேர்லில் வரிசை பூச்சியத்தில் தொடங்கும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் செய்தேன். தாளில் முதலாவதாக இருக்கிற மூதூர் ஆட்களின் முகாம் மறைந்துவிட்டது. ஒரு குடியிருப்பைத் தேடப் போய் ஒரு முகாமைத் தொலைத்தேன். நல்ல காலம், அச்சடிக்க முதல் கண்டுவிட்டேன்.

யன்னலுக்கு வெளியே துறைமுகம் அகலமாகக் கிடந்தது. உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய அதே துறைமுகம்தான். அதிலிருந்து நாங்கள் ஒருவரும் எங்கேயும் போக ஏலாது. எதிர்க்கரைக்கு ஆமி பீரங்கியால் செல் அடிக்கும்போது யன்னல் கண்ணாடி நடுங்கும், மின்சாரம் போகும், நான் எழுதிக்கொண்டிருந்த வரிகளும் கூடவே போகும். திரும்ப மின்சாரம் வரும்வரை இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பொலிஸுக்குள்ளே ஒரு மனிதர் அடி வாங்கிக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு அந்த நேரங்களில்தான் வரும். அதை வெளியே தள்ள என்னிடம் ஒரு வேலையும் இருக்காது.

விடை கிடைத்தது கொம்பியூட்டரில் அல்ல, வீட்டுக்குப் போகிற வழியில். பஸ்ஸைச் சென்றியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வீதியோரம் தார்ப் பீப்பாய்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பீப்பாய்க்கு ஒருவராக நிற்கவேண்டும், ஆமிக்காரன் ஒவ்வொரு பீப்பாயாக நடந்து வந்து அடையாள அட்டையைப் பார்ப்பான். எனக்கு முன்னால் நின்றவருக்கு எதிர்க்கரை மூதூர் விலாசம். அவரை வெளியே எடுத்து இன்னொருவனிடம் கொடுத்தான். அவர் போன இடம் வெறுமையானதும், பின்னால் நின்ற நாங்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பீப்பாய் முன்னால் நகர்ந்தோம். யாரும் நகரச் சொல்லவில்லை. இடைவெளி விடாமல் நின்று கண்ணில் குத்துப்படாமல் இருப்பது எங்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது. ஆமிக்காரன் திரும்பி வந்து, தான் விட்ட பீப்பாய்க்கு அடுத்த பீப்பாயில் தொடங்கினான். நான் அட்டையை நீட்டியபடி நின்றேன். அவன் எனக்குப் பின்னால் நின்றவவின் அட்டையை வாங்கிப் பார்த்தான்.

என்னைப் பார்க்கவேயில்லை. நான்தான் அந்தக் குடியிருப்பு.

பஸ்ஸில் ஏறி இருந்து மனதுக்குள் அந்த வரிசையை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றை வெட்டினால் பின்னால் உள்ளவை எல்லாம் ஓரிடம் முன்னால் வரும். லூப்போ அதைக் கவனிக்காமல் அடுத்த இலக்கத்துக்குப் போய்விடும். இடைவெளிக்குள் வந்து நின்றதை ஒருவரும் பார்ப்பதில்லை. மூதூர்க்காரரும் கடைசியில் பஸ்ஸில் ஏறினார், முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன் இருக்கையில் இருந்தார். அவரை வைத்து ஒரு பிழையைக் கண்டுபிடித்து நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்று அவருக்குச் சொல்லவா முடியும்?

மறுநாள் காலையில் திருத்தினேன். வெட்டுகிற வரியை எடுத்துவிட்டு, அடுத்ததற்குப் போ என்று பேர்லில் ஒரு சொல் போட்டேன். அவ்வளவுதான். ஒழுங்கையை மூடிப் பார்த்தேன், குடியிருப்பு தன் இடத்தில் நின்றது. எதை மூடினாலும் மிச்சம் எல்லாம் நின்றன. சேரை இழுக்காத குறையாகப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்ன கண்டுபிடித்தேன் என்று வழியில் அவருக்கு விளங்கப்படுத்த முயன்றேன். "அதெல்லாம் அங்க போய்ச் சொல்லும் பிள்ளை" என்றுவிட்டார்.

பொலிஸ் பொறுப்பதிகாரி வயது போகாத ஆள். களைத்த முகம். நான் கொழும்பில் படித்த சிங்களத்தில், கொம்பியூட்டரில் ஒரு பிழை இருந்தது சேர் என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மிஸ், பிடிபடுகிற எல்லோரும் யாராவது ஒருவரில் பழியைப் போடுகிறார்கள். இன்றைக்குக் கொம்பியூட்டர். அதற்குத் தமிழன் யார், சிங்களவன் யார் என்று தெரியாது. எங்கள் ஆட்களை மட்டும் அது எப்படித் தேடிப் பிடிக்கும்?" பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "எனக்கும் ஒருவனை வீணாக வைத்திருக்க ஆசையில்லை. அவன் இப்போது என்னிடம் இருக்கிறான். அடுத்த முறை அந்த ஒழுங்கை மூடுகிற அன்று பார்ப்போம். அன்றைக்குக் குடியிருப்புக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போனால் இவன்தான் செய்தவன். இவன் உள்ளே இருக்கும்போதும் போகாவிட்டால் இவன் இல்லை. நியாயம்தானே?"

சேர் உடனே தலையாட்டினார். நியாயம்தான் என்றார். காலையில்தான் திருத்தி முடித்திருந்த நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

கந்தோருக்குத் திரும்பி நடக்கும்போது பஸ் நிலையத்தடியில் ஊருக்குள் திரிகிற மான்கள் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன, ஒன்றைப் பிடித்துத் தள்ளிவிட்டுத்தான் நான் கடந்தேன். அவ்வளவு ஆத்திரம். திருத்திவிட்டேன். திருத்திய புரோகிராம் குடியிருப்பை அச்சடிக்கும், தண்ணீர் போகும், அண்ணைதான் குற்றவாளி என்று முடிவாகும். அண்ணை உள்ளே போனார், தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று ஊரே சொல்லும். இல்லை, பிழையைக் கண்டு திருத்திவிட்டேன் என்று போய்ச் சொன்னால், ஆள் பிடிபட்டதும் கந்தோர் பயந்து திருந்திவிட்டது என்று அதிகாரி சொல்வார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு பூட்டிக் கிடந்தது.

மேசைக்குப் போனேன். அந்த ஒரு சொல்லை அழித்தேன். வெட்டுகிற வரியை இருந்தபடியே திரும்பப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் மிகக் கவனமாக எழுதிய புரோகிராம் வரி அதுதான். சேரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அன்றே காய்ச்சலில் படுத்திருப்பார்.

அதன் பிறகு காத்திருப்பு. எதற்குக் காத்திருந்தேன் என்று எழுதவே கூசுகிறது. பாதை மூடுவதற்குக் காத்திருந்தேன். காலையில் போன் அடிக்கும், இன்றைக்கு எல்லாப் பாதையும் திறந்திருக்கிறது என்பார்கள், அன்றைய நாளே எனக்கு வீணாகிப்போகும். ஊர் முழுக்க ஒரு நல்ல நாளுக்காக நேர்த்திக்கடன் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் நான் ஒரு கெட்ட நாளுக்காகக் காத்திருந்தேன். அந்த ஒழுங்கைப் பக்கத்தில், என் அம்மா இருக்கிற பக்கத்தில் ஏதாவது நடக்கவேண்டும். பெரிதாக வேண்டாம், ஆள் சாகாமல் ஒரு சுற்றிவளைப்பு போதும் என்று கடவுளிடம் பேரம் பேசினேன்.

அண்ணையின் மனைவியும் தினமும் வந்தா. பொலிஸில் அந்த ஏற்பாட்டை அவவுக்கும் சொல்லியிருந்தார்கள். மேல்மாடிக்கு ஏறாமல் கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்ப்பா.

"இண்டைக்கும் ஒண்டும் நடக்கேல்லையோ, தங்கச்சி?"

"இல்லை அக்கா."

அவ ஏமாந்துபோய்த் திரும்புவா. கோயிலுக்குப் போகிற முகத்தோடு வந்து அப்படிக் கேட்ட அந்த நல்ல மனுசியை நினைத்தால், யுத்தம் எங்களை எவ்வளவு கேவலப்படுத்தியது என்று இப்போதும் வயிறு எரிகிறது.

கடைசியில் ஒரு காலை போன் வந்தது. பாலையூற்றுப் பக்கத்து ஒழுங்கை மூடல். வெடிச் சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்டிருந்தேன், சந்தியில் ஒரு கடைக்காரரைச் சுட்டுப் போட்டிருந்தார்கள். நான் அறிந்த மனிதர், கொப்பி பேனை வாங்கிய கடை. போனை வைத்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகுதான் துக்கம் வந்தது.

ஒழுங்கையை மூடியதாகப் பதிந்தேன். புரோகிராம் தன் பிழையைச் சரியாகச் செய்தது. இந்த முறை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சேரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். அவர் வாசிக்காமல்தான் கையெழுத்து வைப்பார், அதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. மற்றதை அண்ணைக்குப் பதிலாக வந்த சாரதியிடம் கொடுத்தேன். அவர் கிண்ணியாக்காரர், மெதுவானவர். தாளைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதில அந்தக் குடியிருப்பு இல்லையே?" என்றார். தாளில் உள்ளபடி போங்கோ என்றேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. அன்று முழுவதும் அந்த வீடுகளில் தண்ணீரில்லாமல் நின்ற பிள்ளைகளை நான்தான் தண்ணீரில்லாமல் வைத்தேன், இயந்திரம் அல்ல.

மறுநாள் பொறுப்பதிகாரியே ஜீப்பில் வந்தார். சாரதி அண்ணையையும் கூட்டிவந்திருந்தார். குடியிருப்பு ஆட்கள் முதல்நாள் பின்னேரம் பொலிஸ் வாசலில் போய்க் கத்தியிருக்கிறார்கள். அண்ணை வாசலோரம் நின்றார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. என்னைக் கண்டு சிரிக்கப் பார்த்தார், உதடு வெடித்திருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது.

"இவன் என்னிடம் இருந்தான்," என்றார் அதிகாரி. "அப்படியென்றால் நேற்று விட்டது யார்?"

லாச்சியிலிருந்து முத்திரை குத்திய பிரதியை எடுத்துக் கொடுத்தேன். சேரின் கண்கள் என் பக்கம் திரும்பின. மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகள் இருந்தன, அவற்றை வரிசையாக வைத்தேன். பீப்பாய்களைச் சொல்லியிருந்தால் இன்னும் வேகமாக விளங்கியிருக்கும். ஆனால் உங்கள் சென்றியில் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்று பொலிஸுக்குப் படிப்பிக்க எனக்கு என்ன பைத்தியமா? கோப்பைகளின் முன்னால் விரலை நகர்த்தினேன். ஒன்றை எடுத்தேன், மிச்சத்தை முன்னால் தள்ளினேன், விரலை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனேன். தப்பிப்போன கோப்பையை அவரே தொட்டுக் காட்டினார். கெட்டிக்காரன்.

"எனக்கு முன்னால் திருத்து," என்றார்.

நான் தெரியாதவளைப் போலத் தேடவேண்டும் என்று முதலே தீர்மானித்திருந்தேன். மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன், தலையைச் சொறிந்தேன். ஆனால் கை கேட்கவில்லை. கை தன் பாட்டில் அந்த வரிக்குப் போய் அதை அழித்து, அந்த ஒரு சொல்லைப் போட்டது. ஒழுங்கையை மூடி ஓடவிட்டேன். குடியிருப்பு தாளில் வந்தது.

அதிகாரி திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த ஒரு சொல்லா?" என்றார். பிறகு இன்னொரு முறை, மெதுவாக, யாரையும் பார்க்காமல், "இந்த ஒரு சொல்லுக்கா?" அண்ணையின் கையை அவர் பார்க்கவில்லை. முறைப்பாட்டை முடித்துக்கொள்கிறேன் என்று சேரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சேர் அவரை வழியனுப்பப் பின்னால் ஓடினார்.

அறையில் நானும் அண்ணையும் மட்டும் நின்றோம். காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. அவர் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் தேடேல்ல," என்றார். "நேரா அந்த இடத்துக்குத்தான் போனீங்கள்."

நான் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினேன்.

"முதலே தெரியுமோ?"

பொய் சொல்லலாம். ஜீப் இன்னும் கீழே நின்றது, பொய்க்கு அது நல்ல காரணமாகவும் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வரவில்லை.

"ஓம் அண்ணை."

"எப்பவிருந்து?"

"நீங்கள் உள்ள போய்க் கொஞ்ச நாளையில. திருத்தினனான். பிறகு திரும்பப் பிழையாக்கினனான். திருத்தியிருந்தா உங்களை விட்டிருக்கமாட்டாங்கள், அண்ணை. நீங்கள் உள்ள இருக்கேக்க ஒருக்கா அது பிழை விட வேணும், அதுக்காகத்தான்..." அவசரமாக, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த நாட்களில் அவருக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை.

அவர் கடைசிவரை கேட்டார். சுற்றியிருந்த துணியை இடது கையால் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"விளங்குது, மிஸ்," என்றார்.

அதுதான் அவர் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் தடவை. கை ஆறி, திரும்ப வேலைக்கு வந்து, எத்தனையோ காலைகளில் என் மேசையில் தாள் வாங்கினார். ஒரு நாளும் முகத்தை முறித்ததில்லை. ஒவ்வொரு நாளும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார்.